ஹேயர்டாலின் 101 நாள் வீணா? தரம் 10 பிள்ளை கேட்ட கேள்வி

மவுசாக்கலை டீச்சர் எழுதியது:

வணக்கம். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். போன கிழமை தரம் 10இல் பழைய கடல்வழி வணிகம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பாடப்புத்தகத்தில் இல்லாத ஒருவரையும் இழுத்து வந்தேன். நோர்வேக்காரர் தோர் ஹேயர்டால்.

வகுப்பில் 27 பிள்ளைகள். கடலை நேரில் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்றேன். 9 கைதான் எழுந்தது. அதனால்தான் இந்த மனிதரைப் பிடித்துக்கொண்டேன். சிறு வயதில் தண்ணீரில் மூழ்கப் பார்த்தவர், வளர்ந்த பிறகும் தண்ணீருக்குப் பயந்தவர். அப்படிப்பட்டவர் 1947 ஏப்ரல் 28இல் பெரு நாட்டின் கல்லாவோ துறைமுகத்தில் இருந்து, ஒன்பது பால்சா மரங்களைக் கயிற்றால் கட்டிய தெப்பத்தில், இன்னும் ஐந்து பேரையும் ஒரு கிளியையும் ஏற்றிக்கொண்டு பசிபிக்கில் இறங்கினார். தெப்பத்தின் பெயர் கொன்-டிக்கி. 101 நாள். ஏறக்குறைய 6,900 கிலோமீற்றர். ஓகஸ்ட் 7இல் ரரோயியா என்ற பவளத் தீவின் பாறையில் மோதிக் கரை சேர்ந்தார்கள். ஆறு பேரும் உயிரோடு. மணி அடித்ததுகூட யாருக்கும் கேட்கவில்லை.

கடைசி வாங்கில் இருக்கும் ஒரு பையன் மட்டும், "டீச்சர், அவர் நினைத்தது சரிதானா?" என்றான். பொய் சொல்ல மனம் வரவில்லை. பசிபிக்கில் சிதறிக் கிடக்கும் பொலினேசியத் தீவுகளில் முதலில் குடியேறியவர்கள் தென்னமெரிக்காவில் இருந்து வந்தவர்கள் என்று ஹேயர்டால் நம்பினார். ஆனால் அந்த மக்கள் மேற்கே ஆசியப் பக்கமிருந்து வந்தவர்கள் என்பதுதான் இன்று ஏற்கப்பட்டது என்றேன்.

"அப்போ அந்த 101 நாளும் வீணாத்தானே போச்சு?"

அவன் நையாண்டியாகக் கேட்கவில்லை. முகம் வாடிப்போய்க் கேட்டான். இரண்டு நாளாக எனக்கும் அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கரும்பலகையில் "முயற்சி திருவினையாக்கும்" என்று எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. நீங்கள் என்றால் அவனுக்கு என்ன சொல்வீர்கள்?


பழைய ஸ்டோர்காரன் எழுதியது:

டீச்சர், நான் பொகவந்தலாவையில் 31 வருடம் தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், வேலை பார்த்தவன். ஓய்வுக்குப் பிறகு வாசிப்புத்தான் என் வேலை. ஹேயர்டாலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் எனக்கு நிறுத்த வராது. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

பையனிடம் முதலில் ஒன்று கேளுங்கள். தெப்பம் கட்டிய மரம் பச்சை மரமா, காய்ந்த மரமா?

கொன்-டிக்கி புறப்படும் முன் தெரிந்தவர்கள் பலரும் சொன்னது, பால்சா மரம் தண்ணீரை உறிஞ்சும், இரண்டு கிழமையில் தெப்பம் அமிழ்ந்துவிடும் என்று. அவர்கள் சொன்னது காய்ந்த பால்சாவுக்குப் பொருந்தும். ஹேயர்டாலின் ஆட்களோ எக்குவடோர் காட்டுக்குள் போய் உயிர் மரத்தை வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்தார்கள். பச்சை மரத்துக்குள் இருக்கும் சாறு கடல்நீரை உள்ளே விடவில்லை. கயிறும் அப்படித்தான். மரங்கள் ஒன்றோடொன்று உரசிக் கயிற்றை அறுத்துவிடும் என்றார்கள். மரம் மெதுவானது, கயிறு அதற்குள் பதிந்து தனக்குத் தானே பள்ளம் செய்துகொண்டது. பிறகு எதுவும் அதில் உரசவில்லை.

இதை மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டு யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. ஸ்டோரில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர், வாட்டப் போட்ட கொழுந்தைக் கையில் அள்ளி அமுக்கிப் பார்த்தே இன்னும் எவ்வளவு நேரம் வேண்டும் என்று சொல்லிவிடுவார். கருவி வந்த பிறகும் அவர் சொன்னது பிழைத்ததில்லை. கை அறிந்து வைத்திருப்பதைப் புத்தகத்தில் எழுதி வைக்க முடிவதில்லை. பெருக் கரையில் தெப்பம் ஓட்டிய பழைய மக்களின் கை அறிந்ததும் அவர்களோடு போய்விட்டது. அதில் ஒரு துண்டைத்தான் ஹேயர்டால் திரும்பப் பிடித்தார்.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கொன்-டிக்கி இல்லை, ரா. 1969இல், பழைய எகிப்தியர்கள் அத்திலாந்திக்கைக் கடந்திருக்க முடியுமா என்று பார்க்க, எத்தியோப்பியாவின் தானா ஏரியில் இருந்து பாப்பிரஸ் நாணலை வரவழைத்து, சாட் ஏரிப் பக்கத்துப் படகுக்காரர்களைக் கொண்டு எகிப்தில் படகு கட்டினார். மொரோக்கோவின் சஃபியில் இருந்து ஏழு நாட்டார் ஏழு பேர் புறப்பட்டார்கள். எகிப்தியக் கல்லறை ஓவியங்களில் வருகிற படகுகளில், மேலே வளைந்து நிற்கும் பின்முனையின் நுனியில் இருந்து தளத்துக்கு ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கும். அந்தக் கயிற்றுக்குப் பெரிதாக வேலை இல்லை என்று விட்டுவிட்டார்கள். நடுக்கடலில் தெரிந்தது அதன் வேலை. வில்லின் நாண் மாதிரி அது பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. அது இல்லாததால் பின்பக்கம் தொய்ந்து, தண்ணீர் ஏறி, நாணல் கட்டு பிரிந்து, 5,000 கிலோமீற்றர் அளவு போன பிறகு, பார்படோஸ் தீவை எட்டுவதற்கு முன்பே படகைக் கைவிட வேண்டி வந்தது.

அடுத்த வருடமே, 1970இல், தித்திக்காக்கா ஏரியின் அய்மாரா மக்களைக் கொண்டு ரா-2 கட்டினார். அது 57 நாளில் பார்படோஸ் போய்ச் சேர்ந்தது. எகிப்தியர் அமெரிக்கா போனார்கள் என்பதற்கு அதனால் ஒரு சான்றும் கிடைத்துவிடவில்லை. போயிருக்க முடியும் என்பது ஒன்று, போனார்கள் என்பது வேறொன்று. முதலாவதைப் படகு சொல்லும், இரண்டாவதை மண்ணுக்குள் இருந்துதான் எடுக்க வேண்டும். ஆனால் ஓவியத்தில் இருந்த அந்த ஒரு கயிறு எதற்கு என்று இன்று நமக்குத் தெரியும். தேடிப் போனது ஒன்று, கிடைத்தது இன்னொன்று. பையனிடம் அந்தக் கயிற்றை வரைந்து காட்டுங்கள்.

இனி, அவர் பிழைவிட்ட இடத்தையும் மறைக்கக் கூடாது. 1947இல் தெப்பத்தைப் பெருக் கடற்படையின் இழுவைப் படகு கரையில் இருந்து வெகுதூரம் வெளியே இழுத்துப் போய்விட்டது. வானொலியும் தகர உணவும் இருந்தன. அதை விடுங்கள். பெரிய பிழை வேறு. காற்றும் நீரோட்டமும் கிழக்கில் இருந்து மேற்கே போகின்றன, எனவே ஆட்களும் அப்படித்தான் வந்திருப்பார்கள் என்று அவர் எடுத்துக்கொண்டார். பொலினேசியர்கள் காற்றை எதிர்த்துப் பாய் விரிக்கத் தெரிந்தவர்கள், நட்சத்திரம் பார்த்து, அலையின் போக்குப் பார்த்துத் தீவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் என்பதை அவர் போதிய அளவு நம்பவில்லை. தாடி வைத்த வெள்ளைக்காரர்கள் எங்கிருந்தோ வந்து நாகரிகம் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்ற எண்ணமும் அவருடைய எழுத்தில் உண்டு. அந்த மக்களுக்கு அது எவ்வளவு நொந்திருக்கும்!

அதற்கான பதிலையும் அவர்கள் கடலில் வைத்தே சொன்னார்கள். 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டை ஓடத்தில் ஹவாயில் இருந்து தாஹிட்டிக்குப் போனார்கள். வழிகாட்டியவர் சதவால் என்ற சின்னத் தீவைச் சேர்ந்த மாவ் பியாலுக். திசைகாட்டி இல்லை, வரைபடம் இல்லை. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான பயணம். தாஹிட்டிக் கரையில் ஆயிரக்கணக்கான சனம் காத்திருந்தது. ஹேயர்டால் தெப்பம் கட்டிச் சோதித்ததைப் போலவே இவர்களும் ஓடம் கட்டிச் சோதித்தார்கள். அவருடைய முறையை வைத்தே அவருடைய முடிவை மறுத்தார்கள். எனக்கு இது மிகப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கடைசியாக ஒன்று. உங்கள் லயத்துக்குப் பின்னால் யாராவது வத்தாளைக் கிழங்கு போட்டிருப்பார்கள். அது தென்னமெரிக்கச் செடி. கொலம்பஸ் கடலில் இறங்கப் பல நூறு வருடம் முன்பே அது பொலினேசியாவில் விளைந்தது. குக் தீவுகளில் மாங்காயியா என்ற இடத்தில் மண்ணைத் தோண்டிக் கரிந்த கிழங்குத் துண்டை எடுத்திருக்கிறார்கள். யாரோ கடலைக் கடந்து கொண்டுபோயிருக்கலாம். 2020இல் வந்த மரபணு ஆய்வு, தீவு மக்களில் சிலருக்குள் தென்னமெரிக்க மூதாதையின் சுவடு இருப்பதைக் காட்டியது. அந்தக் கலப்பு நடந்தது ஏறக்குறைய 1200ஆம் ஆண்டை ஒட்டி. மிகப் பழைய சுவடு எந்தத் தீவில் என்று பையனுக்குச் சொல்லுங்கள்: ஃபாத்து ஹிவா. 1937இல் ஹேயர்டால் இளம் மனைவியோடு போய்த் தங்கி, கிழக்கில் இருந்து வந்த டிக்கி என்ற முன்னோர் தெய்வத்தின் கதையை ஒரு கிழவர் வாயால் கேட்ட அதே தீவு. குடியேறியவர்கள் யார் என்பதில் ஹேயர்டால் பிழை. இரண்டு கரைகளும் ஒன்றையொன்று சந்தித்தன என்பதில் பிழையில்லை.


மாத்தளைப் பேத்தி எழுதியது:

ஐயா எழுதியதில் "நொந்திருக்கும்" என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். எங்களுக்கு அது தெரியும். எங்கள் முன்னோர் கடல் கடந்து வந்த கதையை மற்றவர்கள் சொன்ன விதத்தில் எங்களுக்கு வந்து சேர்ந்த பெயர் கள்ளத்தோணி. என் அம்மாயி அந்தச் சொல்லைக் கேட்டால் அன்று முழுவதும் கதைக்க மாட்டார்.

2023இல், இந்தியாவில் இருந்து மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். 16 நாள். முழுவதும் நடக்க எனக்கு லீவு கிடைக்கவில்லை. தம்புள்ளையில் சேர்ந்து மாத்தளை வரை நடந்தேன். அம்மாயியின் கதையில், "கடல் ஒன்றுமில்லை, ஒரு ராத்திரி. காடுதான் ஆளைத் தின்றது" என்று வரும். சின்ன வயதில் அது எனக்குப் புரிந்ததில்லை. கடல்தானே பெரிசு என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாள் மத்தியானம், கால் வெடித்து, நாக்கு வறண்டு ஒரு மர நிழலில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நாங்கள் நடந்தது தார் வீதி. போத்தல் தண்ணீர் இருந்தது, ஊருக்கு ஊர் சனம் தேத்தண்ணீரோடு காத்திருந்தது. அவர்களுக்கு இருந்தது காடும், காய்ச்சலும், வழியில் விட்டுவிட்டு வந்த ஆட்களும்.

நான் நடந்ததால் அம்மாயியின் பாட்டி இந்த வழியாகத்தான் வந்தாள் என்று நிரூபணம் ஆகிவிடாது, டீச்சர். ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரி உண்மை என்று என் காலுக்குத் தெரியும். பையனிடம் இதையும் சொல்லுங்கள்.


வல்வைக் கச்சான் எழுதியது:

நான் வல்வெட்டித்துறை. இப்போது வேலை பதுளையில், ஆறு வருடமாக. பழைய ஸ்டோர்காரன் ஐயா பசிபிக்கைச் சொல்லிவிட்டார். நான் எங்கள் கடலைச் சொல்கிறேன். அது மஸ்கெலியாவுக்கு நீங்கள் நினைப்பதைவிடக் கிட்ட.

ஹேயர்டாலுக்குப் பின் அதே வேலையைச் செய்தவர்களில் டிம் செவரின் என்றொருவர். 1980 நவம்பரில் மஸ்கட்டில் இருந்து சோஹர் என்ற பாய்க்கப்பலில் சீனாவுக்குப் புறப்பட்டார். பழைய அரபுக் கப்பல் முறை. பலகையோடு பலகையைத் தும்புக் கயிற்றால் தைத்தது, ஓர் ஆணி கிடையாது. தைக்க மட்டும் ஏறக்குறைய 640 கிலோமீற்றர் கயிறு போனது. தைக்கத் தெரிந்தவர்களை இலட்சத்தீவில் இருந்து கூட்டிப்போனார். இலங்கைக்கும் வந்தார். இங்கிருந்து சுமாத்திராவுக்குப் போகும் வழியில் காற்று விழுந்து, பாய் தொங்கி, கப்பல் அசையாமல் கிடந்தது. மழைத் தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டு தென்மேல் பருவக்காற்றுக்குக் காத்துக் கிடந்தார்கள். காற்று வந்தது. 1981 யூலையில் குவாங்சோ போய்ச் சேர்ந்தார்கள்.

டீச்சர், அந்தக் காற்று எது தெரியுமா? எங்கள் ஊரில் சோழகம் என்போம். வெசாக்கோடு சிவனொளிபாத மலை யாத்திரை முடிந்து, பிறகு உங்கள் கொழுந்து மலையில் மாதக்கணக்கில் மழை ஊற்றுகிறதே, படங்கும் கம்பளியும் நனைந்தபடி உங்கள் பிள்ளைகளின் தாய்மார் மலையில் நிற்கிறார்களே, அந்தக் காற்றுத்தான். அது அரபிக் கடலில் இருந்து ஈரத்தை அள்ளி வந்து உங்கள் மலையில் முட்டி இறக்குகிறது. அதே காற்றில்தான் 1,000 வருடம் முன்பும் கப்பல்கள் மலாக்காப் பக்கம் ஓடின. உங்கள் பையன் கடலைப் பார்த்திருக்காவிட்டாலும், கப்பலைத் தள்ளிய காற்று ஒவ்வொரு வைகாசியும் அவன் கூரைத் தகரத்தில் அடிக்கிறது.

மலைக்கும் கடலில் ஒரு வேலை இருந்தது. 1344இல் மொரோக்கோப் பயணி இபன் பதூதா மாலைத்தீவில் இருந்து வந்தபோது சிவனொளிபாதத்தைக் கடலில் இருந்தே பார்த்தார். வானத்தில் எழும் புகைத்தூண் மாதிரி என்று எழுதினார், இன்னும் ஒன்பது நாள் தூரம் இருந்ததாம். மலை 2,243 மீற்றர். பூமியின் வளைவை வைத்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்; தெளிந்த வானமானால் ஏறக்குறைய 170 கிலோமீற்றர் தூரத்தில் இருந்து உச்சி தெரிய வேண்டும். நல்ல காற்றுக்கு அது ஒன்றரை நாள் ஓட்டம். காற்று மாறி அலைக்கழித்தால் ஒன்பது நாளும் ஆகலாம். பிள்ளைகளைக்கொண்டு இந்தக் கணக்கைச் செய்விக்கலாம், பைதகரசு தேற்றம் போதும்.

இன்னொன்று சொல்லாமல் போனால் எங்கள் ஊர் என்னை மன்னிக்காது. எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. அமெரிக்கர் ஒருவர் வாங்கி, புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தில் போய் நிறுத்தினார்கள். அவர்கள் எந்தக் கொள்கையையும் சோதிக்கப் போகவில்லை. தொழில் தெரியும், போனார்கள். மாவ் பியாலுக்கைப் பற்றி வாசித்தபோது எனக்கு எங்கள் பெரியப்பாமாரின் முகம்தான் வந்தது. ஹேயர்டால் தேடித் தேடிக் கற்றதை இவர்கள் தகப்பனிடம் கற்றார்கள். இருவரையும் பிள்ளைகள் அறிய வேண்டும்.


மவுசாக்கலை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத ஒன்பது நாள் பிந்திவிட்டது. காரணம், நாங்கள் ஒரு வேலையில் இறங்கிவிட்டோம்.

ஸ்டோர்கார ஐயாவின் பச்சை மரக் கதையை வாசித்துக் காட்டியதும் அந்தப் பையனே எழுந்து, "பார்த்துவிடலாமே டீச்சர்" என்றான். பால்சாவுக்கு எங்கே போவது? முள்முருக்கு எடுத்தோம். அதுவும் மெதுவான, பாரமில்லாத மரம்தானே. ஒரே நீளத்தில் மூன்று பச்சைத் தடி, அடுப்படிப் பரணில் கிடந்த காய்ந்த தடி மூன்று. பாடசாலைப் பீலிக்குக் கீழே இருக்கும் சீமெந்துத் தொட்டியில் மிதக்கவிட்டோம். அணைக்கட்டுப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

தடியில் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று தினமும் காலையில் பெரிய ஊசியால் கீறி அடையாளம் வைத்தார்கள். காய்ந்த தடிகள் முதல் நாள் நன்றாக உயர்ந்து மிதந்தன. ஆறாம் நாள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டன. பச்சைத் தடிகள் முதல் நாளே ஆழமாகத்தான் நின்றன, ஆனால் அதற்குப் பிறகு அவ்வளவாக அசையவில்லை. ஒரு பிள்ளை, "பச்சைத் தடி ஏற்கெனவே தாழத்தானே நின்றது, அப்படியென்றால் எது வென்றது?" என்று கேட்டாள். அரை மணித்தியாலம் சண்டை. இன்னும் 20 நாள் விட்டுப் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது.

அம்மாயியின் வரியைப் படித்துக் காட்டிய அன்று வகுப்பு சத்தமே இல்லாமல் இருந்தது. மறுநாள் நான்கு பேர் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் கொப்பியில் "மண்டபத்தில் தலையை மொட்டை அடித்தார்கள்" என்று மட்டும் இருக்கிறது. மண்டபம் என்பது இலங்கைக்கு வரும் தொழிலாளரை நிறுத்தி வைத்த தமிழகக் கரை முகாம். அதற்கு மேல் தாத்தா சொல்லவில்லையாம்.

170 கிலோமீற்றர் கணக்கைக் கணித ஆசிரியர் செய்வித்துவிட்டார். அதைத் திருப்பிப் போட்டு, மலையில் நின்றால் கடல் தெரியுமா என்று பையன் கேட்டான். தெளிந்த விடியலில் தெரியும் என்றேன். யாத்திரை முடிவதற்குள் ஒரு வெள்ளி இரவு நல்லதண்ணியில் இருந்து ஏறுவதாக இருக்கிறோம். பெற்றோர் ஆறு பேர் துணைக்கு வருகிறார்கள். பெயர் கொடுத்த பிள்ளைகள் 19. அவன் பெயர் முதலாவது. தூரக்கண்ணாடி ஒன்று இரவலாகக் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருக்கிறேன், ஹட்டன் பக்கம் யாரிடமாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.